செம்மரம் எண் 7719

பதிவு 4402
7 நவம்பர் 2081, வெள்ளி. 07:20

மழை 41 மில்லிமீட்டர். காற்று வடகிழக்கு. கிடங்கில் கட்டைகள் 638: ஈட்டி மரம் 402, செம்மரம் 236. தெளிப்பான்கள் ஓடுகின்றன. மூன்றாம் வரிசையில் ஒரு குழாய் அடைத்திருந்தது, கம்பியால் குத்தி எடுத்தாயிற்று. மழை கொட்டும்போது மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்காதீர்கள். மழை மேலேதான் நனைக்கும். அறுத்த முகம் கடல்காற்றில் காய்ந்தால் வெடிக்கும். ஈட்டி ஒரு விரல் நீளம் வெடித்தால்கூட முதல் தரம் போச்சு.

விதிப்படி இந்தப் பதிவேடு எனக்குப் பின் வரும் காப்பாளருக்காக எழுதப்படுகிறது. பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறேன், யாரும் வருகிற வழியைக் காணோம். வந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: நான் ஞானதிரவியம், வயது ஐம்பத்தெட்டு, மரக்கிடங்கு வேலையில் முப்பத்தொரு வருஷம். என்னோடு இருப்பவள் செண்பகவல்லி, முத்திரை அடிப்பவள், கயத்தாறுக்காரி. இந்தத் தீவில் மனிதர்கள் நாங்கள் இரண்டே பேர். மலையில் வெட்டுவது இயந்திரம். கீழே இழுத்து வருவதும் இயந்திரம். ஏற்றிப் போவது ஆளில்லாத் தெப்பம், வியாழன்தோறும் காலையில் வரும். எல்லாவற்றுக்கும் மேலே கரையில் மையம் என்றொரு இயந்திரம், அதுதான் எங்களுக்கு மேலதிகாரி. நிலப்பகுதியில் நின்ற மரங்கள் நோயில் போய்விட்டதால் இங்கே கிடப்பவற்றுக்கு ராஜ மரியாதை.

ஒவ்வொரு கட்டையின் அடிமுகத்திலும் ஒரு வில்லை அடித்திருக்கிறோம். கட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஈரம், உள்ளே துளைப்பான் வண்டு அரிக்கும் ஓசை கேட்கிறதா என்று மணிக்கொரு முறை சொல்லும். இன்று மூன்று வில்லைகள் வண்டு என்றன. போய்ச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்டேன். இரண்டு, கட்டைமேல் சுற்றிய சாக்கில் விழுந்த மழைத்துளி. மூன்றாவது ஒரு தேரை. ‘பார்த்தாயிற்று’ என்று பதிந்தேன், மூன்றும் அடங்கின. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று செண்பகவல்லி என்னைப் பார்த்துச் சொன்னாள். தேரையைத் தூக்கி அவள் சோற்றுப்பானைப் பக்கம் விட்டேன்.

பதிவு 4403
8 நவம்பர், சனி. 11:45

விபத்து. இரண்டாம் அடுக்கில் ஈட்டி 5180 உருண்டது. கட்டைக்கு வைத்த முட்டு மழையில் மண்ணோடு நழுவியிருக்கிறது. அந்த முட்டை வைத்தவன் நான்.

செண்பகவல்லி குனிந்து அடிமுகத்தில் முத்திரை அடித்துக்கொண்டிருந்தாள். இடது கால், முழங்காலுக்குக் கீழே. நெம்புகோல் போட்டு எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் கத்தவில்லை, என்னைத்தான் கெட்ட கெட்ட வார்த்தையில் திட்டினாள். நல்லது, திட்டுகிற தெம்பு இருக்கிறது. கழுவி, பலகை வைத்துக் கட்டியிருக்கிறேன். எலும்பு வெளியே தெரிகிறது.

மையத்துக்கு மருத்துவ உதவி கேட்டு அனுப்பினேன்.

“கோரிக்கை பெறப்பட்டது. வரிசை எண் 212. பருவமழை காரணமாக மனிதர் படகுகள் நிறுத்தப்பட்டுள்ளன. காத்திருக்கவும்.”

5180-க்குச் சேதம் இல்லை. அதையும் கேட்டது, பதிந்தேன்.

பதிவு 4405
10 நவம்பர், திங்கள். 08:10

மழை 60. வரிசை எண் 207. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர் குறைகிறார்கள். குணமாகிக் குறைகிறார்களா, வேறு வகையிலா என்று மையம் சொல்லாது.

காய்ச்சல் 39.4. மாத்திரை கொடுக்கிறேன். காலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தில் பூஞ்சை இறங்கினால் எங்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியும். இதில் தெரியவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கிற மகளுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னாள். கால் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாதாம். மழை நல்ல மழை, அம்மா சாப்பிட்டேன் என்று எழுதினேன். சாப்பிடவில்லை.

தெளிப்பான்கள் ஓடுகின்றன. கட்டைகள் 638.

பதிவு 4406
11 நவம்பர், செவ்வாய். 16:30

கால் நாறுகிறது. பாதம் கறுத்துவிட்டது. மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

தெப்பத்தில் ஏற்றிவிட முடியுமா என்று மையத்திடம் கேட்டேன்.

“தெப்பத்தில் மனிதர் ஏற அனுமதி இல்லை. வில்லையும் வழிச்சீட்டும் உள்ள மரத்துக்கு மட்டுமே கதவு திறக்கும்.”

இதைப் போய் அவளிடம் வாசித்துக் காட்டினேன், எனக்கும் கிறுக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள் சொன்னாள்: “ஆள ஏத்தாது, கட்டைய ஏத்தும். அப்ப என்னையக் கட்டையாக்கிருங்க அண்ணாச்சி.”

காய்ச்சலில் பேசுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, யோசித்துத்தான் பேசுகிறாள். வெட்டாத மரத்துக்கு எண் போடுவது இந்தத் தொழிலில் கொலைக்குச் சமம். கள்ள மரத்துக்கு எல்லாம் அப்படித்தான் நல்ல பெயர் வைக்கிறார்கள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பொய்க்கட்டை நான் பதிந்ததில்லை, அதனால்தான் என் முத்திரைச் சுத்தியல் பட்ட கட்டைக்கு மறுசோதனை கிடையாது. அதைச் சொன்னேன்.

“ஒங்க சுத்தியலு சுத்தமா இருக்கணும், எங் காலு அழுவணும். நல்லாருக்கு அண்ணாச்சி, நல்லாருக்கு.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். மூன்றாம் வரிசைக் குழாய் மறுபடி அடைத்திருந்தது. குத்தினேன். வெகுநேரம் அதையே குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதிவு 4407
12 நவம்பர், புதன். 14:00

வரிசை எண் 201.

எண் 7719. புதுக் கட்டை. பதிந்துவிட்டேன்.

எப்படி என்று எழுதி வைக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. தெப்பம் எடையையும் கனஅளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். செண்பகவல்லி ஐம்பத்துநாலு கிலோ. ஈரச்சாக்கு சுற்றினால் எழுபது. அந்தப் பருமனுக்கு எழுபது கிலோ வருகிற மரம் செம்மரம்தான், தண்ணீரில் போட்டால் மூழ்குகிற சாதி. ஈட்டி என்று போட்டால் எடை இடிக்கும்.

தரம்: முதல். அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் தரத்தையும் மூன்றாம் தரத்தையும் தெப்பம் இரும்பு இடுக்கியால் கவ்வித் தூக்கும். மூன்று டன் பிடி. முதல் தரத்தைத்தான் தொட்டிலில் வைத்துத் தூக்கி, வெயில் படாத அறைக்குள் கொண்டு வைக்கும். சாக்குச் சுற்றி வருவதும் முதல் தரம்தான். நீளம் 1.58. சுற்றளவு 0.75. வண்டு சோதனை: குறையில்லை. அடிமரம் நிற்கும் இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன போட. அவள் படுத்திருக்கும் கட்டில் இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் போட்டேன்.

“7719 ஏற்கப்பட்டது. நன்றி, காப்பாளர் ஞானதிரவியம்.”

அரை விநாடிகூட ஆகவில்லை. இத்தனை வருஷம் நேர்மையாக இருந்தது இதற்குத்தான் உதவியது.

நாளைக் காலை ஏற்றினால் வெள்ளி மதியம் கரை. அங்கே சாக்கைப் பிரிப்பது மனிதர்கள். துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஆஸ்பத்திரி. முப்பது மணி நேரம் அவள் தாங்க வேண்டும். தண்ணீர்க்குழாய் வாய்க்குப் பக்கத்தில், மாத்திரை கைக்குள், மூக்குக்கு நேரே சாக்கைத் தளர்த்தி விடுவதாக ஏற்பாடு.

உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும். அவளே வழி சொன்னாள். வில்லையை ஒரு பலகைத் துண்டில் அடித்து அவள் நெஞ்சோடு கட்டுகிறோம். மணிக்கொரு முறை அவள் பலகையை மூன்று தடவை தட்டுவாள். நாம் கட்டையைத் தட்டுகிற மாதிரி. வில்லை அதை வண்டு ஓசை என்று சொல்லும். வண்டு என்று வந்தால் ஆள் இருக்கிறாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பதிவு 4408
13 நவம்பர், வியாழன். 06:25

தெப்பம் 05:40-க்கு வந்தது. கட்டைகள் 22 ஏற்றம், 7719 சேர்த்து.

தள்ளுவண்டியில் கொண்டுபோனேன். சுற்றும்போது சாக்கின் மெழுகு வாசம் குமட்டுகிறது என்றாள். முகத்தை மூடுவதற்கு முன், நானே முத்திரை அடிக்கட்டுமா என்று கேட்டேன், சிரிக்கட்டும் என்று. சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, நீங்க வச்ச முட்டுதான். தெரியும். அத நெனச்சிட்டே கெடக்காதிய” என்றாள். முகத்தை மூடி, மூக்குக்கு நேரே சாக்கைத் தளர்த்திவிட்டேன்.

தொட்டில் இறங்கியது, எடை பார்த்தது, பச்சை விளக்கு. அறைக்கதவு மூடியது. கிடங்குப் பொறுப்பிலிருந்து தெப்பப் பொறுப்புக்கு மாற்றம் என்று கையெழுத்துக் கேட்டது. போட்டேன்.

07:00

“7719. ஈரம் சரி. வெப்பம் சரி. துளைப்பான் ஓசை: உண்டு.”

தட்டிவிட்டாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன், ஐந்து நாளில் இன்றுதான் உப்பு தெரிந்தது.

08:00

உண்டு.

09:00

உண்டு. வெப்பம் கொஞ்சம் கூடுதல். அது அவள் காய்ச்சல்.

10:00

உண்டு. ஆறாம் வரிசைக்கு மெழுகு பூசினேன்.

11:00

உண்டு. ஒரு தடவைக்கு மூன்று என்று பேச்சு, வில்லை பதினேழு என்று கணக்குச் சொல்கிறது. வலி அதிகமாக இருக்கலாம். அல்லது இருட்டில் துணைக்குத் தட்டுகிறாளோ என்னவோ. தட்டட்டும் தாயி, தட்டட்டும்.

12:00

உண்டு. நாற்பது.

13:00

உண்டு. தெப்பம் கால்வாசிக் கடலைத் தாண்டிவிட்டது.

14:05

“7719. துளைப்பான் ஓசை: எட்டாவது தொடர் பதிவு. யாரும் பார்வையிடவில்லை. முதல் தர அறையைப் பாதுகாக்க 16:05-க்குக் காற்று வெளியேற்றப்பட்டு நைட்ரஜன் நிரப்பப்படும். வண்டுகள் அழியும். மரத்துக்குச் சேதம் இராது.”

இதை நான் மூன்று முறை வாசித்தேன்.

14:10

கிடங்கில் வண்டு என்று வந்தால் நான் போய்த் தட்டுவேன், பார்த்தாயிற்று என்று போடுவேன், அடங்கும். பத்தாயிரம் தடவை செய்திருக்கிறேன். கை தானாகச் செய்கிற வேலை. தெப்பத்தில் பார்த்தாயிற்று என்று போட யார் இருக்கிறார்கள். ஆளில்லாத் தெப்பம் என்று நானே ஆறு நாளுக்கு முன் எழுதி வைத்திருக்கிறேன். அட முட்டாப்பயலே. அவளுக்குக் காய்ச்சல், அவளுக்குத் தோன்றவில்லை. உனக்கு என்ன வந்தது.

இங்கிருந்து பார்த்தாயிற்று என்று போட்டேன்.

“ஏற்க இயலாது. 7719 உங்கள் பொறுப்பில் இல்லை.”

14:18

உள்ளே இருப்பது மனுஷி என்று அனுப்பினேன். பெயர், வயது, எல்லாம் எழுதி அனுப்பினேன்.

“தெப்பத்தில் மனிதர் ஏற அனுமதி இல்லை. எனவே மனிதர் இல்லை.”

பதிவைத் திருத்தக் கேட்டேன். மாற்றம் கையெழுத்தான பின் திருத்த முடியாதாம். மருத்துவ வரிசைக்குக் கேட்டேன். எண் 198. முன்னே 197 பேர் இருக்கிறார்களாம்.

14:31

தட்டாதே என்று அவளுக்குச் சொல்ல வழி இல்லை. வில்லைக்குக் காதுதான் உண்டு, வாய் இல்லை. நிறுத்தினாலும் பயனில்லை, தட்டாவிட்டாலும் எட்டுப் பதிவு எட்டுப் பதிவுதான். அவள் பாட்டுக்கு நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தட்டுகிறாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

14:40

ஒன்று தோன்றுகிறது. மையத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. திருட்டு. எல்லை தாண்டிய மரம் திருட்டு மரம் என்று காப்பாளர் பதிந்தால், அது இயந்திரத்துக்குப் போகாது, வன ரோந்துப் படகுக்கு நேரே போகும். அதில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவைகூட நான் அந்தப் பொத்தானை அமுக்கியதில்லை, அமுக்குகிற நிலை வந்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டவன்.

திருடியவர் பெயர் இல்லாமல் பதிவு ஏறாது.

14:43

“7719. திருட்டு. கள்ள எண், கள்ள முத்திரை. திருடியவர்: காப்பாளர் ஞானதிரவியம், சுத்தியல் எண் 16.”

14:44

“பெறப்பட்டது. ரோந்துப் படகு 3 புறப்பட்டது. சேரும் நேரம் 15:50.”

ஒரு நிமிஷம். ஐந்து நாளாக ஒரு மனுஷிக்குக் கடல் மூடிக் கிடந்தது, ஒரு கட்டைக்கு ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டது. சனிக்கிழமையே ஏதாவது ஒரு செம்மரத்தைக் கடலில் உருட்டி விட்டுவிட்டுக் கூப்பிட்டிருந்தால் போதும். அன்று மாலையே வந்து நின்றிருப்பார்கள். கால் தப்பியிருக்கும். இது எனக்கு ஐந்து நாளாகத் தோன்றவில்லை. மரத்தைத் தண்ணீரில் விடுவது என் புத்திக்கு எட்டாத காரியம்.

15:00

உண்டு. ஒன்பது தடவை. குறைகிறது.

15:57

படகிலிருந்து ஒருவர் வானொலியில் வந்தார். துணைக் காவலர் கஸ்பார், குரலைக் கேட்டால் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். இளம் வயது. நடந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

தெப்பத்தை நிறுத்திவிட்டோம், அறையைத் திறந்து 7719-ஐக் கண்டோம், முத்திரை வைத்துக் கட்டி நீதிமன்றத்தில் ஒப்படைப்போம் என்றார். காற்று போகவில்லையே என்றேன். எட்டு நிமிஷம் இருக்கும்போது திறந்தார்களாம். சாக்கைப் பிரியுங்கள் என்றேன். சான்றுப்பொருளைப் பிரிக்க அதிகாரம் இல்லை என்றார். உள்ளே ஆள் இருக்கிறது என்றேன். திருடன் எதையும் சொல்லுவான் என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கும் கேட்டது.

“தம்பி, நீங்க பிரிக்க வேண்டாம். ஒரு தடவ தட்டிப் பாருங்க. முப்பத்தொரு வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன், வேற ஒண்ணும் கேக்கல. தட்டிட்டுக் காத வச்சுக் கேளுங்க.”

தட்டினார், அது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

“அண்ணாச்சி. இது மரம் இல்லல்லா.”

“இல்ல தம்பி.”

“ஏல, கத்திய எடுல. சீக்கிரம்.”

அதோடு வானொலி அறுந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் பேசக்கூடாது என்று மையம் துண்டித்திருக்கிறது.

பதிவு 4409
14 நவம்பர், வெள்ளி. 09:00

மழை இல்லை.

“சுத்தியல் எண் 16 ரத்து. காப்பாளர் கட்டளைகள் ஏற்கப்படா. அடுத்த காப்பாளர் வரும்வரை கிடங்கு மூடப்படுகிறது.”

தெளிப்பான்கள் 08:40-க்கு நின்றன. என் கை பட்டால் திறக்க மாட்டேன் என்கிறது குழாய். எழுத மட்டும் விட்டிருக்கிறார்கள், வாக்குமூலத்துக்கு உதவுமாம். செண்பகவல்லியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கேட்டால் பதில் வருவதில்லை.

பதிவு 4411
16 நவம்பர், ஞாயிறு. 13:00

வெயில். அடித்து வைத்த மாதிரி வெயில். பருவமழைக்கு இப்போதுதான் ஓய்வெடுக்கத் தோன்றியிருக்கிறது.

முதல் கட்டை இன்று வெடித்தது. ஈட்டி 5012. பட்டென்று ஒரு சத்தம், அடிமுகத்திலிருந்து உள்ளங்கை நீளம். வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறேன். 617 கட்டைக்கு ஒரு வாளி, யானைப்பசிக்குச் சோளப்பொரி. நாற்பதைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் ஊற்றுகிறேன். யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை, திருடனுக்கு எதற்கு இந்த அக்கறை. ஆனால் வெடிக்கிற சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை.

அவள் கட்டில் அப்படியே கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்யத் தெம்பு இல்லை.

பதிவு 4423
28 நவம்பர், வெள்ளி. 10:30

இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது கட்டைக்குத்தான் ஊற்ற முடிகிறது. அரிசி இருக்கிறது, பருப்பு தீர்ந்தது. இரவில் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுத் தூக்கமும் இல்லை. இதுவரை வெடித்தவை 211. எழுதிக்கொண்டே வருகிறேன்.

பதினைந்து நாள். இருந்தால் இருக்கிறாள் என்று சொல்லலாம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். ஒரு வரி போதும். எட்டு நிமிஷம் மீதி இருந்தது என்றார் அந்தப் பையன். ஆனால் கடைசியில் ஒன்பது தடவைதானே தட்டியிருந்தாள். அவள் திருப்பித் தட்டியதை நான் கேட்கவில்லை. கஸ்பார் கேட்டிருக்கலாம். அல்லது வேறு எதையாவது பார்த்து, இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரோ. இதையே அரைத்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் அலுத்துப் போவதற்கு வேலை வேண்டியதில்லை.

பதிவு 4429
4 டிசம்பர், வியாழன். 09:15

மனிதர்களை ஏற்றும் படகு ஒன்று வருகிறது. பன்னிரண்டு வருஷத்தில் பருவமழைக் காலத்தில் இதுதான் முதல் தடவை. என்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறது. 12:00-க்குச் சேரும், அப்போது இந்தப் பதிவேடு மூடப்படும் என்று மையம் சொல்கிறது.

அடுத்த காப்பாளர் அதே படகில் வருகிறார். அவருக்கு: தண்ணீர் முதலில் ஆறாம் வரிசைக்கு. மூன்றாம் வரிசைக் குழாய் அடைக்கும், கம்பி கொட்டகைக் கூரையில் செருகியிருக்கிறது. முட்டுகளை மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பின்னும் பாருங்கள்.

09:50

படகு பக்கத்தில் வந்துவிட்டதால் மையம் வழி இல்லாமலே வானொலி எடுக்கிறது. படகில் கஸ்பார் இருக்கிறார், அவரே கேட்டு வாங்கி வந்தாராம். என்னோடு பேச அவருக்கு அனுமதி இல்லை. அதனால் ஒரு பதிவு செய்த குரலைச் சான்றுப்பொருள் என்று பெயர் போட்டு அனுப்பினார். பரவாயில்லை, பையனும் தொழிலைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, செம்பகவல்லி பேசுதேன். காலு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாவ. அழாதிய, நான் அழுது முடிச்சிட்டேன். நேத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கோல ஊனி நானா நடந்து போனேன். எம் மவ கூட வந்தா. சும்மா சொல்லக்கூடாது, மொதத் தர மரந்தான் அண்ணாச்சி நானு, அந்த மெழுகு வாசம் இன்னும் போவல.”

நான்கு முறை போட்டுக் கேட்டேன். பிறகு போய் இருபது கட்டைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். இடுப்பு வலித்ததா என்று ஞாபகம் இல்லை.

11:20

மையம் விசாரணைப் படிவம் அனுப்பியிருக்கிறது. முதல் தரச் செம்மரம் ஒன்று கணக்கில் ஏறி, தெப்பத்தில் ஏறி, கரையில் இறங்கவில்லை. ரோந்துப் படகு மீட்டது ஒரு நோயாளி என்று காவல்துறை எழுதியிருக்கிறது. அது வேறு துறை, மையத்துக்குப் பொருட்டில்லை. மையத்துக்கு மரம் வேண்டும்.

கள்ள எண் போட்டது யார் என்று கேட்டது. நான் என்று எழுதினேன். உடந்தை யார் என்று கேட்டது. யாரும் இல்லை. வருத்தம் தெரிவிக்க விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. 5180-க்கு வைத்த முட்டுக்காக என்று எழுதினேன். புரியவில்லை, தெளிவாக எழுதவும் என்றது. விட்டுவிட்டேன்.

படகு தெரிகிறது. கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. பதில் இல்லாமல் படிவம் மூடாதாம்.

11:52

“7719 இப்போது எங்கே உள்ளது?”

எழுந்து நடந்து போய்விட்டது.